பெல்ட் கத்துகிறதா? மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான்கு மாதத்தில் என் காருக்கு மூன்று பெல்ட் மாற்றினேன். ராமமூர்த்தி நகரில் வீட்டின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்தால் 'கிரீ...ச்' என்று ஒரு சத்தம். மேல்மாடிக் குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்கு. முதல் பெல்ட்டைத் தெருமுனை மெக்கானிக் மாற்றினார். பெல்ட் 850 ரூபாய், கூலி 400. மூன்று வாரம் அமைதியாக இருந்தது, பிறகு பழையபடி. அடுத்ததாக ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். பெல்ட் 1,450, கூலி 900. அதுவும் ஒரு மாதம்தான். மறுபடி அங்கேயே போனபோது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டும் என்று 16,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அல்சூரில் ஒரு பழைய ஒர்க் ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் டார்ச் அடித்து இரண்டு நிமிடம் பார்த்தார். "பெல்ட்ல ஒண்ணும் இல்ல சார். வாட்டர் பம்ப் கசிஞ்சு அது மேல தெறிக்குது. அதை நிறுத்தாம எத்தனை பெல்ட் போட்டாலும் கத்தும்" என்றார். பம்ப் 2,100, கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) 600, புது பெல்ட் 780, கூலி 1,500. ஆக 4,980 ரூபாயில் முடிந்தது. அதற்கு முன் வீணாகப் போனது 3,600.

சத்தம் பெரும்பாலும் பெல்ட்டில்தான் வரும். ஆனால் காரணம் பல நேரம் பெல்ட்டுக்கு வெளியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். ஊருக்குப் புதிது, தெரிந்த மெக்கானிக் யாரும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. எந்த பெல்ட் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் ஒரு பக்கத்தில் வெளியே தெரிகிற கறுப்பு ரப்பர் பெல்ட்தான் நாம் பேசுவது. நம் ஆட்கள் ஃபேன் பெல்ட் என்பார்கள், ஆல்டர்னேட்டர் பெல்ட், ஏசி பெல்ட் என்றும் சொல்வார்கள். எஞ்சின் சுற்றும் விசையை எடுத்து ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், சில கார்களில் கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், பழைய கார்களில் பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகியவற்றை ஓட்டுவது இதுதான். சில கார்களில் ஒரே நீள பெல்ட் எல்லாவற்றையும் சுற்றி வரும், சிலவற்றில் இரண்டு தனித்தனி பெல்ட் இருக்கும்.

எஞ்சினின் உள் பாகங்களை ஓட்டும் டைமிங் பெல்ட் வேறு. அது மூடிக்குள்ளே இருக்கும், பல எஞ்சின்களில் அதற்குப் பதில் செயின்தான். அந்த மூடியை நீங்கள் தொட வேண்டாம். 'பெல்ட் மாத்தணும்' என்று மெக்கானிக் சொன்னால் எந்த பெல்ட் என்று கேளுங்கள். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு.

2. சத்தம் எப்போது வருகிறது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள்

இதைச் செய்யாமல்தான் நான் பணத்தை விட்டேன். மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் நேரத்துக்கு எஞ்சின் சூடாகி, சத்தம் நின்றிருக்கும். அவர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். எனவே காலையில் முதல் ஸ்டார்ட்டை மொபைலில் பதிவு செய்யுங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி எடுத்தால் இன்னும் நல்லது.

காலையில் மட்டும், அதுவும் மழை பெய்த மறுநாளோ டிசம்பர், ஜனவரிக் குளிரிலோ ஓரிரு வினாடி கத்திவிட்டு நின்றால், அது பெல்ட்டில் படிந்த ஈரம். எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். ஸ்டார்ட் செய்தவுடன் அரை நிமிடம் போலக் கத்திவிட்டு மெல்ல அடங்கினால் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். இரவில் இறங்கிய சார்ஜை நிரப்ப ஆல்டர்னேட்டர் கடுமையாக வேலை செய்கிறது, அந்தப் பாரம் தாங்காமல் பெல்ட் வழுக்குகிறது. ஏசி போட்டவுடன் வந்தால் கம்ப்ரஸர் பக்கம் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது வந்தால், அது ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உள்ள காராக இருந்தால், அந்தப் பம்ப் பக்கம்.

சத்தத்தின் வகையும் முக்கியம். விடாமல் இழுக்கிற 'கிரீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது. குருவி கத்துவது போல 'கீச், கீச்' என்று விட்டு விட்டு வந்து, ஆக்ஸிலரேட்டர் அழுத்த அழுத்த வேகமாகும் சத்தம் என்றால் புல்லிகள் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்கள்) ஒரே நேர்கோட்டில் இல்லை என்று நினைக்கலாம். 'கர கர' என்றோ 'ஊம்' என்றோ உலோகம் உரசுவது போல இருந்தால் புல்லியைத் தாங்கிச் சுழலவிடும் ஏதோ ஒரு பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

3. எஞ்சினை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சின் அணைந்திருந்தாலும் சில கார்களில் தானாகச் சுற்றத் தொடங்கும். துப்பட்டா, முந்தானை, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்கக் கூடாது.

பெல்ட்டின் உட்பக்கம் நீளவாக்கில் வரிகள் இருக்கும். அங்கே வெடிப்பு, பிய்ந்த வரி, வரிக்குள் சிக்கிய கல், கண்ணாடி போன்ற பளபளப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கை நுழையாத இடத்தில் மொபைலை நுழைத்துப் படம் எடுக்கலாம். பெல்ட்டின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் வேறு பகுதி மேலே வரும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் ஏறக்குறைய முழு பெல்ட்டையும் பார்த்துவிடலாம்.

'வெடிப்பு இல்லை, அதனால் பெல்ட் நல்லது' என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது வருகிற பெல்ட்கள் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்தவை. பழைய ரப்பர் போல அவை எளிதில் வெடிப்பதில்லை. டயர் தேய்வது போல வரிகளின் இடைவெளி தேய்ந்து அகலமாகும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், ஆனால் பிடிப்பு போயிருக்கும். 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பெல்ட் என்றால் உங்கள் காரின் கையேட்டில் எப்போது மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

இனி, நான் கோட்டை விட்ட இடம். பெல்ட்டைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் பச்சை, சிவப்பு, வெள்ளை நிறத்தில் உப்புப் பூத்தது போலக் காய்ந்த தடம் இருக்கிறதா? அது கூலண்ட் கசிந்த அடையாளம். பம்பின் உடம்பில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகக் கூலண்ட் வெளியேறும்படி வேண்டுமென்றே வைத்தது. அங்கே ஈரம் தெரிந்தால் பம்ப் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. என் காரில் இரண்டு மாதமாகக் கூலண்ட் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்தது. நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அந்தக் குறைவையும் இந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அதேபோல எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவரிலிருந்து வழியும் எஞ்சின் ஆயிலும் பெல்ட்டைக் கெடுக்கும். எண்ணெய் குடித்த பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை. கசிவை அடைத்த பிறகுதான் புது பெல்ட்.

4. தண்ணீர் சோதனை

செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில் போதும். எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாமல்) ஓடட்டும். சத்தம் வரும் நேரத்தில், எட்டி நின்று, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் ஒன்றிரண்டு முறை மட்டும் பீய்ச்சுங்கள். ஆல்டர்னேட்டர் மேல் ஊற்றாதீர்கள். கை பெல்ட்டின் அருகே போகவே கூடாது.

சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது: தளர்ந்திருக்கலாம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பலமிழந்திருக்கலாம், எண்ணெயோ கூலண்டோ பட்டிருக்கலாம். சத்தம் சட்டென்று நின்று, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி கோணலாக இருக்கிறது, அல்லது வரிகள் தேய்ந்திருக்கின்றன. எந்த மாற்றமும் இல்லை என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்குகளைத் தேடுங்கள். என் காரில் தண்ணீர் பட்டதும் சத்தம் கூடியது. ஆல்டர்னேட்டருக்கு எஸ்டிமேட் போட்ட இடத்தில் இந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை.

தண்ணீருக்குப் பதில் பெல்ட் டிரெஸ்ஸிங் என்று விற்கும் ஸ்பிரேயை அடித்தால் சத்தம் நிற்கும். இரண்டு நாளில் அதில் நம்மூர் ரோட்டுத் தூசி ஒட்டி, முன்னைவிட மோசமாகும். காரணமும் மறைந்துபோகும். சோப்பு, மெழுகுவத்தி, டால்கம் பவுடர் எல்லாம் இதே கதைதான்.

5. இறுக்கமும் புல்லிகளும்

உங்கள் காரில் இறுக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதில் மூன்று வகை. ஆல்டர்னேட்டரையே நகர்த்தி போல்ட்டால் இறுக்குவது ஒன்று. ஸ்பிரிங் வைத்த ஆட்டோ டென்ஷனர் இன்னொன்று. மூன்றாவது, டென்ஷனரே இல்லாமல் இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் பெல்ட். மூன்றாவது வகையை வீட்டில் தொடாதீர்கள். அதற்குத் தனி டூல் வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி மாட்டினால் புது பெல்ட் உள்ளே கிழியும்.

போல்ட்டால் இறுக்கும் வகையில், எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். பொதுவாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போனால் சரி. துல்லியமான அளவு கையேட்டில் இருக்கும், அதுவே முடிவு. சத்தம் நிற்க வேண்டும் என்பதற்காக முரட்டுத்தனமாக இறுக்கச் சொல்லாதீர்கள். சத்தம் நிற்கும், ஆனால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். என் முதல் மெக்கானிக் செய்தது அதுதான். பம்ப் அவ்வளவு வேகமாகக் கசியத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார் அல்சூர் பெரியவர்.

ஆட்டோ டென்ஷனர் உள்ள காரில், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது எட்டி நின்று டென்ஷனர் கையைப் பாருங்கள். லேசாக அசையலாம். படபடவென்று துடித்தால் அதன் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது.

பேரிங் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். நீங்களே கழற்றுவதானால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை எடுத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் பெரிய வயரில் எஞ்சின் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். புல்லி மொரமொரவென்று சுற்றினாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ மாற்ற வேண்டும். டீசல் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் புல்லி ஒரு திசையில் மட்டும் தனியாகச் சுழலும்படி இருக்கும். அது இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டாலும் பெல்ட் கத்தும். அந்தப் புல்லியை மட்டும் மாற்றினாலே போதும். முழு ஆல்டர்னேட்டர் வேண்டியதில்லை.

6. பேட்டரியை அளந்து பாருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், வோல்ட் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு முறை வாங்கினால் வீட்டில் பல வேலைக்கு ஆகும். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்டினால் நிறைவான சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். புதிய சில கார்களில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் இதைவிடக் கீழே போய் வரும். பேட்டரி பலவீனம் என்று தெரிந்தால் பெல்ட்டுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். வாரம் முழுக்க நின்றுவிட்டு ஞாயிறு மட்டும் ஓடும் கார்களில் இது சகஜம்.

7. பெல்ட் வாங்கப் போகும்போது

பழைய பெல்ட்டின் முதுகில் 4பிகே875 என்பது போல ஒரு எண் இருக்கும். முதல் எண் வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் வடிவம், கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். நீளம் சற்று மாறினாலும் இறுக்கம் சரியாக அமையாது. 'இதுவும் உக்காரும் சார்' என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள்.

பெங்களூரில் உதிரிபாகத்துக்கு ஜே.சி. ரோடுதான் முதல் இடம். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை இரு பக்கமும் கடைகள். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே சோர்ந்துவிடுவீர்கள். மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்து போங்கள். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்கும், வாரநாளில் காலை பத்தரைக்கு மேல் போவது நல்லது. கையில் இருக்க வேண்டியவை: பழைய பெல்ட்டின் எண் தெரியும் படம், ஆர்.சி.யின் படம். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பெல்ட் மாறும் என்பதால் சேஸிஸ் எண்ணைக் கேட்பார்கள். தமிழ்நாட்டு வண்டி என்றாலும் பிரச்சினை இல்லை, சேஸிஸ் எண் போதும்.

கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகம் வாங்கலாம். இல்லாவிட்டால் கேட்ஸ், கான்டினென்டல், மதுரையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர் போன்றவை நல்ல பெல்ட்கள். பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், பாக எண் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். லேபிளுக்கு மேல் லேபிள் ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். பாக எண் எழுதிய பில் வாங்குங்கள். அளவு மாறினால் மாற்றித் தருவீர்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

8. மெக்கானிக்கிடம் விடும்போது

வாரண்டியில் இருக்கிற கார் என்றால் வெளியே காட்டாமல் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். பெல்ட் தேய்மானப் பொருள் என்று வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் பெரும்பாலும் சேராது. ஆனால் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் போன்றவை சேர வாய்ப்புண்டு. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது பணத்துக்கும் முக்கியம். இன்ஷூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது, தரும் என்று யாராவது சொன்னால் நம்பி இருக்க வேண்டாம்.

ஜாப் கார்டில் (காரை விடும்போது வேலையை எழுதும் தாள்) 'பெல்ட் மாற்றவும்' என்று எழுத விடாதீர்கள். 'காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 20 வினாடி சத்தம், ஏசி போட்டால் கூடுகிறது, காரணம் பார்க்கவும்' என்பது போல அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் முந்தின நாள் இரவே காரை விட்டுவிடுங்கள், குளிர்ந்த எஞ்சினில் அவர்களே கேட்கட்டும். பாகம் தனி, கூலி தனி என்று பிரித்து எஸ்டிமேட் வாங்குங்கள். கூலிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையா, சேராததா என்று கேளுங்கள். அசல் ஆர்.சி.யைக் காரில் விட்டுவிட்டு வராதீர்கள், மொபைலில் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

அல்சூர், சிவாஜி நகர், லிங்கராஜபுரம் பக்கமெல்லாம் தமிழ் பேசும் மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு. மற்ற இடங்களில் கொஞ்சம் கன்னடம் சொன்னால் முகம் மலர்ந்து பேசுவார்கள். 'எஷ்டு ஆகத்தெ?' என்றால் எவ்வளவு ஆகும். 'ஹளே பெல்ட் வாபஸ் கொடி' என்றால் பழைய பெல்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்த இரண்டாவதை மறக்காதீர்கள். பழைய பெல்ட்டின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, எங்கே ஈரம் பட்டிருக்கிறது என்பதிலேயே காரணம் தெரியும். என் முதல் இரண்டு பெல்ட்களை நான் கேட்டு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அப்போதே யாராவது ஒருவர் கூலண்ட் தடத்தைக் காட்டியிருப்பார்.

நேரக் கணக்கு: கை எளிதாக நுழையும் எஞ்சின் என்றால் பெல்ட் மாற்ற அரை மணி, ஒரு மணி போதும். சக்கரத்தைக் கழற்றி உள்ளே போக வேண்டிய கார் என்றால் இரண்டு மணி. என் காரில் வாட்டர் பம்போடு சேர்த்து ஒரு பகல் ஆனது.

9. மாட்டிய பிறகு

கழற்றும் முன்பே பெல்ட் எந்தப் புல்லியை எப்படிச் சுற்றிப் போகிறது என்று படம் எடுத்து வையுங்கள். புது பெல்ட் மாட்டும் முன் புல்லிகளின் வரிகளைத் துணியால் துடைத்து, பழைய ரப்பர்த் தூளை எடுக்க வேண்டும். மாட்டியதும் ஒவ்வொரு புல்லியிலும் எல்லா வரிகளும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்கினால் அன்றைக்கே பெல்ட் பிய்யும்.

பிறகு ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் இல்லை என்றால் பணம் கொடுங்கள். போல்ட்டால் இறுக்கும் வகை கார் என்றால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி போய் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புது பெல்ட் சற்றுத் தளரும். இதற்குத் தனிக் கூலி கிடையாது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

10. சரிசெய்யும் முன் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால்

சனிக்கிழமை காலை, ஓசூர் ரோடு, சேலம் போக வேண்டும், பெல்ட் கத்துகிறது. வரி பிய்ந்திருந்தாலோ எண்ணெய், கூலண்ட் பட்டிருந்தாலோ கிளம்பாதீர்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடுங்கள்.

வழியில் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும், ஏசி காற்றில் குளிர்ச்சி போகும், ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் கனத்துவிடும். உடனே ஏசியை அணைத்து, ஹஸார்டு விளக்கைப் போட்டு, இடப்பக்கம் ஒதுங்குங்கள். உங்கள் காரில் வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில் ஓடுகிறது என்றால் எஞ்சினை அப்போதே நிறுத்த வேண்டும். 'அடுத்த டோல் வரை போய்விடலாம்' என்று ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து, அதன் உள்ளே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், செலவு பல மடங்காகும். அத்திப்பள்ளி வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை 44. அங்கே 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கேட்கலாம். இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் மொபைலில் சேமித்து வையுங்கள். வண்டிக்குள் உட்காராமல், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருங்கள்.